சாலையில் மிதிவண்டிக்கு ஓர் இடம்

(வலியசாலையில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இவ்விடத்தின் பெயரிலேயே சாலை இருக்கிறது. ஆனால் வலியசாலை என்பதிலுள்ள சாலை, வண்டி ஓடும் வழியைக் குறிப்பதன்று. பழந்தமிழில் சாலை என்றால் கல்வி புகட்டும் இடம், உணவு அளிக்கும் இடம். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச்சாலை இடம்பெறுகிறது. அது இவ்வூரே என்று பலர் கருதுவதும், அங்கு அவன் செய்தது யாது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமைப்படாததும் வரலாறு பயின்றோர் அறிந்தவை. பலரும் வந்து பயன்பெறும் பொது இடத்துக்கு வழங்கிய சாலை என்ற சொல் இன்று பலரும் செல்லும் வழியையும் குறிக்கிறது. இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருள், மிகுந்த போக்குவரத்துள்ள சாலைகளில் மிதிவண்டிக்குப் பாதுகாப்பான தடம் அமைக்கக் கோரும் இயக்கம் பற்றியது. சாலை இன்னும் பொது இடந்தானா என்ற கேள்வியாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிருந்து சிறிது நேர நடையில் கிள்ளிப்பாலம். தம்பானூர்ப் பக்கமிருந்து வரும் வழியும், கரமனையிலிருந்து வரும் வழியும், அட்டக்குளங்கரையிலிருந்து வரும் வழியும், சாலைக் கடைத்தெருவிலிருந்து வரும் வழியும் அங்குக் கலக்கின்றன. காலை எட்டரை மணிக்கு மேல் அந்தச் சந்திப்பில் நின்று பார்த்தால் மிதிவண்டிகளை எண்ண விரல்களே போதும். ஆறு மணிக்குச் சென்று பாருங்கள். காட்சி வேறாக இருக்கும். பால் கொண்டு செல்பவர், செய்தித்தாள் போடுபவர், கடைத்தெருவில் சுமை ஏற்றி இறக்கச் செல்பவர், வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கட்டட வேலை பார்க்கும் தொழிலாளர் ஆகியோரெல்லாம் மிதிவண்டியில் கடக்கிறார்கள். பொழுது ஏறி வண்டிகள் பெருகும்போது இவர்களில் பலர் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடக்கத் தொடங்குகிறார்கள். அது சட்டத்துக்கு அஞ்சி எடுக்கும் முடிவன்று. உயிருக்கு அஞ்சி எடுக்கும் முடிவு.

பள்ளிப் பிள்ளைகளை அந்த வேளையில் மிதிவண்டியில் காண்பது அரிது. ஒரு தலைமுறைக்கு முன் மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்றவர்கள், இன்று தம் பிள்ளைகளை ஸ்கூட்டரிலோ பள்ளிப் பேருந்திலோ அனுப்புகிறார்கள். காரணம் கேட்டால், ‘சாலை முன்போல் இல்லை’ என்பார்கள். அது உண்மை. ஆனால் பிள்ளையை ஸ்கூட்டரில் கொண்டு விடும் ஒவ்வொரு பெற்றோரும் அச்சாலையில் மேலும் ஒரு ஸ்கூட்டரைச் சேர்க்கிறார் என்பதும் உண்மை.

நாட்டளவில் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மை, வீட்டுத்தொழில் நீங்கலான பிற தொழிலாளரில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மிதிவண்டியில் வேலைக்குச் சென்றனர். சுமார் 23 விழுக்காட்டினர் நடந்து சென்றனர். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டரில் சென்றோரைவிட மிதிவண்டியில் சென்றோர் அப்போது சற்றே கூடுதல். அதற்குப்பின் மோட்டார் வண்டிகள் பெருகியுள்ளன என்பதில் ஐயமில்லை. 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். இவர்களில் ஏறத்தாழ 4,800 பேர் மிதிவண்டியில் சென்றவர்கள். நடந்து சென்றோர் 32,000-க்கும் மேல். மொத்தத்தில் மிதிவண்டியாளர் பங்கு 3 விழுக்காட்டை எட்டவில்லை என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். கிள்ளிப்பாலத்தில் இறங்கித் தள்ளிச் செல்பவரை மோதினால் அவர் நடந்து சென்றவர் பட்டியலில் சேர்ந்துவிடக்கூடும். மிதிவண்டியைக் கைவிட்டு ஸ்கூட்டர் வாங்கியவர் இறந்தால் இன்னொரு பட்டியலில் சேர்வார். ஆகவே இந்த எண் சிறியதாக இருப்பதை மட்டும் கொண்டு சாலை பாதுகாப்பாக இருக்கிறது என்ற முடிவுக்கு வர இயலாது.

விரிந்த சாலையின் ஆபத்து

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் குறையும், நெரிசல் குறைந்தால் விபத்தும் குறையும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. இவ்வழியே தெற்கு நோக்கிச் செல்லும் கரமனை–களியிக்காவிளைச் சாலையின் முதற்பகுதி 2010-களில் நான்கு வழியாக விரிவாக்கப்பட்டது. அது வேண்டியே மக்கள் நெடுநாள் போராடினர்; அந்தக் கோரிக்கை நியாயமானது. பழைய குறுகிய சாலையில் பேருந்தும் சுமை வண்டியும் சிக்கி நின்றதை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அகலத்தோடு வேகமும் வந்து சேர்கிறது. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது என்பது பள்ளிப்பாடம். மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்லும் கார் 60 கிலோமீட்டரில் சென்றால், மோதும்போது அது தரும் ஆற்றல் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. நடப்பவரும் மிதிவண்டியாளரும் வண்டிகளோடு கலந்து செல்லும் இடங்களில் உச்ச வேகம் 30 கிலோமீட்டராக இருக்கவேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர் மாநாடு அறிவித்ததும் இந்தக் கணக்கை அடிப்படையாகக் கொண்டதே.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. வேகம் குறைந்த தெருவில் மிதிவண்டிக்குத் தனித் தடம் வேண்டியதில்லை. வலியசாலை அக்கிரகாரத் தெருவில் தனித் தடம் கேட்பது வீண் செலவு. வேகம் குறையாத சாலையில் வெள்ளைக் கோடு மட்டும் போதாது. ஓரக்கல்லோ தடுப்போ வைத்துப் பிரிக்கப்பட்ட தடம் வேண்டும். இரண்டுமற்ற நிலைதான் இன்று பெரும்பாலான நகரச் சாலைகளில் நிலவுகிறது.

இத்தகைய விதி இந்தியாவுக்குப் புதிதன்று. இந்தியச் சாலைப் பேரவை 1962-லேயே மிதிவண்டித் தடங்களுக்கென ஒரு நெறிமுறை வெளியிட்டது. 2015-இல் அது திருத்தப்பட்டது. உச்ச நேரத்தில் மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டிகள் செல்லும் வழியில் 400 மிதிவண்டிகள் சென்றால் தனித் தடம் அமைக்கலாம் என்று 1962-இன் நெறிமுறை கூறியது. மோட்டார் வண்டிகள் 200-க்கு மேற்பட்டால், 100 மிதிவண்டிகளே சென்றாலும் தனித் தடம் நியாயமாகும் என்றது. அறுபதாண்டுகளுக்கு முன் 200 மோட்டார் வண்டி என்பது பெருங்கூட்டம். இன்று கரமனைச் சாலையில் அவ்வெண்ணிக்கை சில நிமிடங்களுக்குள் கடந்துவிடும். அந்த நெறிமுறையை எழுதிய பொறியாளர்கள் நுட்பமான ஓர் உண்மையை உணர்ந்திருந்தார்கள்: மோட்டார் வண்டி கூடக்கூட, மிகக் குறைந்த மிதிவண்டிகளுக்கும் தனி இடம் வேண்டும்.

எனினும், ‘இங்கு மிதிவண்டியே இல்லையே, யாருக்காகத் தடம்?’ என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுகிறது. பேருந்து நிற்காத இடத்தில் போய், ‘இங்கே யாரும் பேருந்து ஏறுவதில்லை’ என்று எழுதி வருவது போன்றது இது. அச்சத்தால் விலகியவர்களை எந்தக் கணக்கெடுப்பும் காட்டாது. அவர்களைக் காட்டுவது வேறு வகை ஆதாரம்.

வண்டி தந்தோம், வழி தரவில்லை

அத்தகைய ஆதாரம் தமிழகத்திலேயே உண்டு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் திருமதி ஷீலாராணி சுங்கத் அவர்கள் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பிப்பதையும் எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாக்கினார். வயல் வேலை செய்வோர், கல் குவாரித் தொழிலாளர், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பல்லாயிரம் பெண்கள் ஓரிரு ஆண்டுகளில் மிதிவண்டி கற்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார். எவரையும் எதிர்பாராமல் சந்தைக்கும் மருத்துவ நிலையத்துக்கும் சென்று வர முடிந்தது. தண்ணீர்க் குடம், விளைபொருள், குழந்தை அனைத்தையும் ஒரே வண்டியில் கொண்டு செல்ல முடிந்தது. விருப்பம் இல்லாததால் பெண்கள் மிதிவண்டி ஓட்டவில்லை என்ற நெடுங்கால எண்ணம் ஒரே மாவட்டத்தில் ஒரே இயக்கத்தால் பொய்த்தது.

பின்னர் 2001-02-இல் தமிழக அரசு, மேல்நிலை முதலாண்டில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. அத்திட்டம் சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவ மாணவியர் அனைவர்க்கும் விரிந்தது. இன்று ஆண்டுக்குச் சில இலட்சம் மிதிவண்டிகள் அவ்வாறு வழங்கப்படுகின்றன. இங்கிருந்து களியிக்காவிளையைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளி வாயில்களில் அவை வரிசையாக நிற்பதைக் காணலாம். 2006-இல் பீகார் அரசும் மாணவியர்க்கு இத்தகைய திட்டம் தொடங்கியது. அதனை ஆராய்ந்த பொருளியலறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 விழுக்காடு கூடியதையும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததையும் 2017-இல் வெளிவந்த கட்டுரையில் காட்டியுள்ளனர்.

இத்தனை வண்டிகளை அரசே வாங்கித் தருகிறது. அவை ஓடவேண்டிய சாலையையும் அரசே அமைக்கிறது. ஒன்று கல்வித் துறையின் அல்லது நலத் துறையின் கோப்பில். மற்றொன்று நெடுஞ்சாலைத் துறையின் கோப்பில். இரண்டு கோப்புகளும் சந்திப்பதில்லை. அலுவலர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்லச் சற்றுத் தயக்கம் உண்டு. ஆனால் பதினாறு வயது மாணவி நான்கு வழிச்சாலையின் ஓரத்தில் லாரிக்கு ஒதுங்கிச் செல்வது இந்தச் சந்திக்காமையால்தான். வண்டி தந்த அரசு வழியும் தரவேண்டும் என்று கேட்பது புதிய சலுகை எதையும் கேட்பதாகாது.

இயக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்ண உடையும் தலைக்கவசமும் அணிந்து கூட்டமாகச் செல்லும் ஊர்வலம் பலர் நினைவுக்கு வரும். அதனைக் குறை கூறுவதற்கில்லை. மிதிவண்டியை மதிப்புக்குரிய வண்டியாகக் காட்ட அது உதவுகிறது. ஆனால் ஞாயிறு காலையில் போலீசார் சாலையை ஒதுக்கித் தருகிறார்கள். திங்கள் காலையில் பால்காரருக்கு அவ்வாறு ஒதுக்கித் தருவோர் இல்லை.

நெதர்லாந்தில் நடந்தது

நெதர்லாந்து என்றதும், அந்நாடு என்றுமே மிதிவண்டி நாடு, நமக்கு அது பொருந்தாது என்பார்கள். வரலாறு அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அங்கும் கார் பெருகியது. நகரச் சாலைகள் காருக்காக அகலமாயின. மிதிவண்டிப் பயணம் ஆண்டுதோறும் குறைந்தது. 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தனர். அவர்களில் நானூற்றுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். தன் மகளை விபத்தில் இழந்த ஒரு பத்திரிகையாளர், ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற தலைப்பில் எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் தந்தையரும் பிள்ளைகளும் தெருக்களில் இறங்கினர். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி காரணமாக அரசு கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளை அறிவித்தபோது, வெற்றுச் சாலை எப்படியிருக்கும் என்பதை மக்கள் கண்ணால் கண்டனர். 1975-இல் மிதிவண்டியாளர் சங்கம் தோன்றியது.

இதில் நமக்கு மிகப் பயன்படுவது அதன் பின் நடந்தது. 1970-களின் இடையில் நடுவண் அரசின் செலவில் தில்பர்க், தி ஹேக் ஆகிய நகரங்களில் நகரின் குறுக்கே ஒவ்வொரு மாதிரித் தடம் அமைக்கப்பட்டது. தடத்தைப் பயன்படுத்தியோர் மகிழ்ந்தனர். எனினும் நகரின் மொத்த மிதிவண்டிப் பயணம் பெரிதாக உயரவில்லை. ஒரு தடத்தால் ஒரு நகரம் மாறாது என்று பொறியாளர்கள் உணர்ந்தனர். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை இடையில் ஓரிடம் அறுந்தாலும் தாய் பிள்ளையை அனுப்பமாட்டாள். பின்னர் தெல்ஃப்ட் என்ற சிறு நகரில் தனித்தனி வழிகளை விடுத்து, அறுந்த இடங்களை இணைத்து முழு வலையாக அமைத்தபோது பயணம் உயர்ந்தது. பெரும்பாலும் செய்யப்பட்டவை சிறு வேலைகளே: ஒரு சிறு பாலம், ஒரு சுரங்கப் பாதை, ஒரு சந்திப்பின் திருத்தம்.

அந்நாட்டில் அண்மை ஆண்டுகளில் சாலை இறப்புகள் ஆண்டுக்கு 700-ஐ ஒட்டி நிற்கின்றன. அவற்றில் மிதிவண்டியாளரின் பங்கு பெரிது என்பதையும், அவர்களில் முதியோர் மிகுதி என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. எண்பது வயதிலும் மக்கள் மிதிவண்டி ஓட்டும் நாட்டில் அது ஒரு கவலை. எட்டு வயதுப் பிள்ளைகள் சாலையில் மடிந்த காலத்துக் கவலை வேறு.

நம் நாட்டின் இரு பாடங்கள்

2006-இல் இந்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளை நகர்த்துவதைவிட மக்களை நகர்த்துவதே நோக்கம் என்று அறிவித்து, நடைபாதைக்கும் மிதிவண்டித் தடத்துக்கும் முன்னுரிமை தந்தது. அதனையொட்டித் தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தொலைவுக்குப் பேருந்துத் தடமும் தனி மிதிவண்டித் தடமும் கொண்ட சாலை 2008-இல் திறக்கப்பட்டது. கார் வைத்திருந்தோரின் எதிர்ப்பு உடனே எழுந்தது. மிதிவண்டித் தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன. 2012-இல் தில்லி உயர் நீதிமன்றம் அத்தடத்தை நீக்கக் கோரிய மனுவைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தில் வென்ற அத்தடம் அரசியலில் தோற்றது. 2016-இல் அது இடித்து அகற்றப்பட்டது. காரில் சென்றவர்களின் குரல் நாள்தோறும் ஒலித்தது. அதிகாலையில் அத்தடத்தில் வேலைக்குச் சென்ற தொழிலாளரின் குரல் எவர் காதிலும் விழவில்லை. தடம் அமைக்கக் கோருவதோடு இயக்கத்தின் பணி முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இரண்டாவது பாடம் சென்னை. 2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டை நடப்போர்க்கும் மிதிவண்டியாளர்க்கும் ஒதுக்கவேண்டும் என்பது அதன் சிறப்பு. இந்திய நகரங்களில் இது முன்னோடி முயற்சி. அதன் பயனாகப் பல சாலைகளில் நல்ல நடைபாதைகள் அமைந்தன. பாண்டி பஜாரின் நடைவளாகம் 2019-இல் திறக்கப்பட்டது. நடப்போர்க்குக் கிடைத்த அளவுக்கு மிதிவண்டியாளர்க்குக் கிடைத்ததா என்றால், இல்லை. நடைபாதை அமைத்து முடிந்ததும் எஞ்சிய இடம் வண்டி நிறுத்தத்துக்கும் மோட்டார் போக்குவரத்துக்கும் போய்விடுகிறது. ‘மோட்டார் சாராப் போக்குவரத்து’ என்று இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியதே இதற்கு ஒரு காரணமாகலாம் என்பது என் எண்ணம். கணக்கில் ஒன்றைக் காட்டினால் இரண்டும் நிறைவேறியதாக ஆகிவிடுகிறது.

ஒரு சட்டப்பிரிவும் அதன் இரு முகங்களும்

அலுவலர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் நம் பொருளோடு நேரடித் தொடர்புடையவை. 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்பிலும் அமைப்பிலும் பராமரிப்பிலும் வகுக்கப்பட்ட தரத்தைப் பின்பற்றாமையால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஆலோசகருக்கோ ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓட்டுநர் மட்டுமே குற்றவாளி என்ற பழைய எண்ணத்தை இப்பிரிவு முதன்முறையாக அசைத்தது.

மற்றொன்று 138-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட 1ஏ உட்பிரிவு. சாலைப் பாதுகாப்பை முன்னிட்டு, மோட்டார் இல்லா வண்டிகளும் நடப்போரும் பொதுச் சாலைகளில் செல்வதை ஒழுங்குபடுத்த மாநில அரசுகள் விதி இயற்றலாம் என்கிறது அது. கோயம்புத்தூரின் எலும்பு மருத்துவ வல்லுநர் டாக்டர் எஸ். இராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை ஆறு திங்களுக்குள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. விபத்தில் நொறுங்கிய எலும்புகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த மருத்துவர் ஒருவர் நீதிமன்றத்துக்குச் சென்றதன் விளைவு இது.

‘ஒழுங்குபடுத்தல்’ என்ற சொல்லை நான் சற்று அச்சத்துடனேயே படிக்கிறேன். மிதிவண்டிக்குத் தடம் அமைத்து அதில் செல்லச் சொல்வதும் ஒழுங்குபடுத்தல். இச்சாலையில் மிதிவண்டி வரலாகாது என்று பலகை நடுவதும் ஒழுங்குபடுத்தல். கொல்கத்தாவில் 2013-இல் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அச்சாலைகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. பால் விற்பவரும் மீன் விற்பவரும் அபராதம் கட்டினர். தடை விதிக்க ஒரு பலகையே போதும். தடம் அமைக்க மதிப்பீடு, நிலம், நிதி எல்லாம் வேண்டும். எளிய வழி எதுவென்று அலுவலகம் அறியும். ஆகவே இவ்விதிகள் எழுதப்படும்போதும் திருத்தப்படும்போதும், மாற்று வழி அமைக்காமல் எந்தச் சாலையிலும் தடை கூடாது என்ற ஒரு வரி அவற்றில் இடம்பெற வேண்டும். மாணவர்கள் எழுதவேண்டிய முதல் மனு இதுவே என்பேன்.

எங்கே, எப்போது கேட்பது?

மனு எழுதுவதில் காலம் முக்கியம். சாலை போட்டு முடித்தபின் மிதிவண்டித் தடம் கேட்டால், ‘அடுத்த திட்டத்தில் பார்ப்போம்’ என்ற விடை வரும். அந்த விடையில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. போட்ட ஓரக்கல்லைப் பெயர்க்கத் தணிக்கை இடம் தராது. விரிவான திட்ட அறிக்கை தயாராகும்போது கேட்டால் அதே தடம் மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதியே. இங்கே அட்டக்குளங்கரை–கிள்ளிப்பாலம் சாலை, சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் 2020-களில் தோண்டப்பட்டு, மின்கம்பிகளுக்கு நிலத்தடி வழி முதலியவற்றோடு மறுபடி அமைக்கப்பட்டது. அத்தகைய தோண்டல் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முந்தைய சில திங்களில்தான் சாலையின் குறுக்குவெட்டுப் படம் மாறக்கூடிய நிலையில் இருக்கிறது. அந்தப் படத்தைக் கேட்டுப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது.

கேட்கும் இடமும் உண்டு. 2007-ஆம் ஆண்டுக் கேரளச் சாலைப் பாதுகாப்பு ஆணையச் சட்டம், பாதுகாப்புப் பணிக்கென ஒரு நிதியத்தையும் மாவட்டந்தோறும் ஓர் அவையையும் ஏற்படுத்தியது. போக்குவரத்தை ஆராயும் ‘நாட்பாக்’ நிறுவனம் 1976 முதல் இந்நகரிலேயே இயங்கி வருகிறது. வேறு நகரங்களில் இயக்கம் நடத்துவோர் வல்லுநரைத் தேடி நெடுந்தொலைவு செல்கிறார்கள். நமக்கு ஒரு பேருந்துப் பயணம்.

என்ன கேட்பது என்பதில் நுணுக்கம் வேண்டும். ‘மிதிவண்டித் தடம் வேண்டும்’ என்று மட்டும் கேட்டால், சாலையோரம் பச்சை வண்ணம் பூசிவிட்டுப் போவார்கள். அதன்மேல் மாலைக்குள் ஆட்டோக்கள் நிற்கும். சந்திப்பைக் கேட்க வேண்டும். தடம் அமைக்கும் பல நகரங்களில், நேராகச் செல்லும் இடத்தில் தடம் அழகாக இருக்கும். சந்திப்புக்குப் பல அடி முன்னதாகவே முடிந்துவிடும். மிதிவண்டியாளர்க்கு மிகுந்த ஆபத்து எங்கோ அங்கே அவர் தனியே விடப்படுகிறார். இடப்புறம் திரும்பும் பேருந்தின் ஓட்டுநர்க்குத் தன் பின்சக்கரத்தின் அருகே வரும் மிதிவண்டி கண்ணில் படாது. திருப்பத்தின் வளைவைச் சிறிதாக்கினால் பேருந்து மெதுவாகவே திரும்ப முடியும். மிதிவண்டி நிற்கும் கோட்டை மோட்டார் வண்டிகளின் கோட்டுக்கு முன்னால் வைத்தால் அது ஓட்டுநரின் கண்முன் நிற்கும். பேருந்து நிறுத்தத்தில் தடத்தை நிழற்குடையின் பின்புறமாகத் திருப்பிவிடலாம். வடிகால் மூடியின் கம்பிகள் சாலைக்குக் குறுக்காக இருக்கவேண்டும். நீளவாக்கில் இருந்தால் மெல்லிய சக்கரம் அதில் இறங்கிவிடும். ஆண்டில் இரு பருவமழை பெறும் ஊரில், தேங்கிய நீருக்கடியில் அம்மூடி கண்ணுக்கும் தெரியாது. இத்தகைய குற்றங்களைக் களைய நிலமும் வேண்டாம், பெருநிதியும் வேண்டாம்.

இரண்டு மறுப்புகளுக்கு விடை கூறவேண்டும். ‘இந்நகரம் மேடும் பள்ளமும்; மழையும் மிகுதி’ என்பது ஒன்று. பட்டம், பேரூர்க்கடை ஏற்றங்களில் இம்மறுப்புக்கு வலு உண்டு. ஆனால் கிழக்கேகோட்டை, சாலைக் கடைத்தெரு, ஆரியசாலை, கிள்ளிப்பாலம், கரமனை என்ற தாழ்ந்த வெளியில் அது பொருந்தாது. முதலில் இப்பகுதியை இணைப்பதே அறிவுடைமை. மற்றொன்று கடைக்காரர் மறுப்பு. வாசலில் வண்டி நிறுத்த முடியாவிட்டால் வாணிகம் கெடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். இதனை எளிதில் தள்ளிவிடக் கூடாது. சாலைக் கடைத்தெரு இராஜா கேசவதாஸ் காலத்திலிருந்து இந்நகரின் உணவுக் களஞ்சியம்; சரக்கு இறக்க இடம் வேண்டும். சரக்கு வண்டிக்கு நேரம் வரையறுத்து, கடைத்தெருவினுள் வேகத்தை மட்டும் குறைத்து, தனித் தடத்தைப் பெருஞ்சாலைக்கு ஒதுக்கினால் இரு தரப்பும் ஒத்துப்போக இடமுண்டு. கடைத்தெருச் சுமைத் தொழிலாளியும் அக்கடையின் வாணிகத்தைச் சேர்ந்தவரே. அவரையும் அந்தப் பேச்சில் உட்கார வைக்க வேண்டும்.

இறுதியாக ஒரு வேலைத்திட்டம். இங்கு வந்துள்ள மாணவர்கள் நான்கு குழுவாகப் பிரிந்து, வரும் திங்கட்கிழமை காலை ஐந்தரை முதல் பத்தரை வரை கிள்ளிப்பாலத்தின் நான்கு முனைகளிலும் நிற்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எண்ணுதாள் பதினைந்து நிமிடக் கட்டங்களாகக் கோடிடப்பட்டுள்ளது. செல்லும் திசை, சுமை உண்டா இல்லையா, ஆணா பெண்ணா, மாணவரா என்பவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் உண்டு. இறங்கித் தள்ளிச் செல்வோருக்கு ஒரு தனிப் பத்தி சேர்க்குமாறு நான் கேட்டுக்கொண்டேன். அதனைத் தவறாமல் நிரப்புங்கள். மழை பெய்தாலும் எண்ணுங்கள், மழை என்று குறித்துக்கொண்டு. தாள்களைத் தொகுத்தபின் அதன் ஒரு படியை மாவட்டச் சாலைப் பாதுகாப்பு அவைக்கும், ஒரு படியை இச்சாலைகளைப் பராமரிக்கும் துறையின் செயற்பொறியாளர்க்கும் ஒப்புகைச் சீட்டுடன் கொடுப்போம். குடையும் எழுதுபலகையும் அவரவர் கொண்டு வரவேண்டும்.